மூன்று ஆணியில் ஓடிய கார்

27.7.2025, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் வாசலில் யார் யார் நின்றார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது.

நான். என் மகள் புஷ்பலதா. அவள் புருஷன். அவர்கள் பெற்ற ஷெரில், கையில் போனோடு. தஞ்சோங் மாலிமிலிருந்து ரயிலேறி என்னைப் பார்க்க வந்த மகன் ஜெயபாலன். பக்கத்து வீட்டு தர்மேந்திரன் - எங்கள் வீட்டில் கரண்டி விழுந்தாலும் எட்டிப் பார்க்கிறவன். கடைசியாக என் கொழுந்தன் மகன் அர்ச்சுனன். புந்தோங்கில் கார் மெக்கானிக் பட்டறை வைத்துக்கொண்டு போமேன் என்று சட்டையில் எழுதிக்கொள்ளாத குறையாகத் திரிகிறானே, அவன்.

அர்ச்சுனன் வந்தது திருவிழாச் சேதி சொல்ல. ஏழாங்கட்டை தோட்டத்து மாரியம்மனுக்கு வருகிற பத்தாம் தேதி பொங்கல். தோட்டம் இப்போது ஏது? ரப்பர் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டாயிற்று, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தாயிற்று. கோயில் மட்டும் நிற்கிறது. ஆனாலும் அந்த ஒரு நாள் எங்கெங்கோ போனவர்களெல்லாம் வந்து சேருவார்கள். முதல் பானை என்னுடையது. என் மாமியார் ஊரே கேட்க என் கையில் கொடுத்துவிட்டுச் செத்தது. பொழுது விடிவதற்குள் நான் அடுப்பு மூட்டாவிட்டால் அடுத்த மருமகளுக்குப் போய்விடும். அடுத்த மருமகள் யார்? இவனைப் பெற்ற காளியம்மா. என்னுடைய பித்தளை அண்டாவை வாங்கிக்கொண்டு போய் "ஓட்டையா இருந்துச்சுக்கா" என்று ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தவள்.

"பெரியம்மா, உங்களுக்கு முட்டி வலி. இந்த வருஷம் அம்மாவே வைக்கட்டும்லா," என்றான்.

"உங்கம்மாவுக்குப் பானையில வாய் எந்தப் பக்கம்னு தெரியுமாடா?"

சிரித்தான். பல்லைக் காட்டுவதில் அப்படியே அம்மா.

அந்த நேரத்தில்தான் புஷ்பா புருஷன் காரின் பின் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தான். பழையது காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சக்கரத்தைப் போட்டு நட்டை முறுக்குகிறான், முறுக்குகிறான், பார்க்கிற எனக்குக் கொட்டாவி வந்தது. அந்த ஆளோடு நான் நேராகப் பேசுவதில்லை. கல்யாணத்தன்றைக்கு நிறுத்தினேன். என் வீட்டிலேயே இருக்கிறான், என் கைச் சோற்றைத் தின்கிறான், பேச்சு மட்டும் கிடையாது. ஜெயபாலனிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன், நீயும் பேசாதே என்று. அவன் இன்றுவரை பேசியதில்லை.

"ஷெரில், உங்கப்பா நட்டை முறுக்குறாரா, தடவிக் குடுக்குறாரான்னு கேளு."

"பாட்டி, அப்பா இங்கதான் இருக்காரு. நீங்களே கேளுங்க."

தர்மேந்திரனுக்கு உடனே ரோஷம் வந்துவிட்டது. "தள்ளு மத்தியாஸ்," என்று ஸ்பானர் மேல் ஒரு காலை வைத்து மிதித்தான். அர்ச்சுனன் பார்த்தான். "என்னண்ணே, கோழி மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்க?" என்று இரண்டு காலையும் தூக்கி ஸ்பானர் மேல் ஏறிக் குதித்தான். ஒவ்வொரு நட்டாக. நாலாவதில் 'டங்'கென்று சத்தம். சக்கரத்தைப் பிடித்திருந்த ஆணி - ஸ்டட்டாம் அதற்குப் பெயர் - நட்டோடு முறிந்து சாக்கடைப் பக்கம் உருண்டது.

எல்லாரும் சிரித்தார்கள். ஷெரில்கூட.

"ஒன்னும் ஆகாதுலா, இன்னும் மூணு இருக்கு," என்றான் போமேன். "நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க, ஓசியிலயே போட்டுத் தாரேன்."

"உடைச்சவன் கடையிலயே ஒட்டிக்கிட்டு வரவா? இந்தக் கார் உன் பட்டறை வாசலை மிதிக்காது," என்றேன்.

ஜெயபாலன் தஞ்சோங் மாலிம் கார் பேக்டரியில் நாள் முழுக்கச் சக்கரம் மாட்டுகிறவன். மதில் மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். வடைக்கு மட்டும்தான் வாயைத் திறந்தான். கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்தான்.

28.7.2025, திங்கள்

அர்ச்சுனன் போன் அடித்தான். எடுக்கவில்லை.

29.7.2025, செவ்வாய்

புஷ்பா சொல்கிறாள், கார் ஒரு மாதிரி உதறுகிறதாம். வேலைக்குக் கமுந்திங் வரைக்கும் தினமும் ஹைவேயில் அவள்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஆளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், மோட்டார் சைக்கிளிலேயே போய் வருவான்.

"உன் புருஷன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேம்மா. சனிக்கிழமை பாக்குறேன்னாரு."

சனிக்கிழமை. சக்கரத்துக்குக் கிழமை தெரியுமா?

31.7.2025, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் மேட்டில் ஏறும்போது பின்னால் டக்கு டக்கு என்று சத்தம் கேட்டதாம். பிறகு கார் பாட்டுக்கு ஒரு பக்கமாக இழுத்ததாம். பின்னால் டிரெய்லர் லாரி. எப்படி ஓரம் கட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் ஒரே ஒரு ஆணியில் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. மற்ற இரண்டும் அறுந்து எங்கேயோ போய்விட்டன. அந்த ஒன்றும் போயிருந்தால் -

எழுத மாட்டேன் அதை.

இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். புஷ்பா வாசலில் இறங்கி, "சக்கரம் தனியா போகப் பாத்துச்சும்மா," என்றாள். சிரித்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. போய் முகம் கழுவு என்று அதட்டினேன். வேறு என்ன சொல்வது?

இன்றைக்குக் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன். எல்லாரும் தின்றார்கள். அந்த ஆளும் சத்தமில்லாமல் தின்றுவிட்டு எழுந்தான்.

1.8.2025, வெள்ளி

"கௌரவத்தை விடுங்கம்மா, அர்ச்சுனன்கிட்டயே குடுத்துருவோம்," என்கிறாள் புஷ்பா. என் பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தவன் கையிலேயே காரைக் கொடுப்பதா? டவுனில் இன்னொரு பட்டறையில் கேட்டாளாம். வேலை குவிந்து கிடக்கிறது, பத்தாம் தேதிக்குப் பிறகுதான் என்றார்களாம்.

அந்த ஆள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானே வீட்டுல போட்டுருவேன் புஷ்பா, போன்ல பாத்தேன்," என்றான்.

"ஷெரில், ஜெபம் பண்ணி ஆணி மாட்டப் போறாரான்னு கேளு உங்கப்பாவை."

ஷெரில் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

சாயந்திரம் காளியம்மா போன். "அக்கா, காரு கெட்டுப் போச்சாமே? எங்க வேன்லயே வந்துருங்கக்கா. பானையை நான் மடியில வச்சிப் பத்திரமாப் புடிச்சிக்கிறேன்." குரலில் வெல்லம். அந்த வேனில் ஏறுவதற்கு நான் ஏழாங்கட்டை வரைக்கும் தவழ்ந்தே போவேன். வாடகைக் கார் பிடித்துப் போய் இறங்கினாலும் "பாவம், அக்காவுக்குக் கொண்டுவர ஆளில்லை" என்று கோயில் பூராவும் சொல்லுவாள். சொந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும். பத்தாம் தேதிக்குள் சக்கரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

2.8.2025, சனி

அறுந்த ஆணி மூன்று, வாங்கி வந்தது மூன்று. கட்டை விரல் கனத்துக்கு, ஒரு முனையில் குடை மாதிரித் தலை, தலைக்குக் கீழே பல் பல்லாக இருக்கிறது. இந்தச் சின்னச் சாமானா ஒரு காரையும் என் மகளையும் பிடித்துக்கொண்டிருந்தது?

அந்த ஆள் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். அதற்கு உள்ளே இரும்புச் சட்டி மாதிரி ஒன்று, டிரம். அதைக் கழற்றினால்தான் உடைந்த துண்டை உள்பக்கமாகத் தட்டித் தள்ள முடியுமாம். டிரம் வரவில்லை. சுத்தியலால் அடித்தான். போனைப் பார்த்தான். மறுபடியும் அடித்தான். மத்தியானம் பூராவும் எனக்குத் தலையிலேயே அடிக்கிற மாதிரி. தர்மேந்திரன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "எண்ணெய் ஊத்து," என்றான். ஊற்றினான். "வெந்நி ஊத்து," என்றான். அதையும் ஊற்றினான். அடுத்து சாம்பார் ஊற்றச் சொல்லியிருப்பான், நல்ல வேளை மழை வந்தது.

புஷ்பா அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் கேட்டானாம், ஹேண்ட்பிரேக் இழுத்து வச்சிருக்கா என்று. இழுத்துத்தான் இருந்தது. உள்ளே பிரேக் டிரம்மைக் கவ்விக்கொண்டிருக்கும்போது, இந்த ஆள் வெளியே நின்று இத்தனை நேரமும் மணியடித்திருக்கிறான்.

நாளைக்கு ஜெயபாலன் வருகிறான்.

3.8.2025, ஞாயிறு

வந்தான். வாசலில் ஒருத்தன் காரின் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம். நடுவில் புஷ்பா. ஒரே சக்கரத்தில் வேலை செய்கிற இரண்டு ஆண்கள், முகத்தை முகம் பார்க்காமல்.

"புஷ்பா, அந்த ஜாக்கி சரியா நிக்கல, நகத்தி வைக்கச் சொல்லு."

"ஏங்க, ஜாக்கியை நகத்தணுமாம்."

"எந்தப் பக்கம்னு கேளு புஷ்பா."

"எந்தப் பக்கம்னு கேக்குறாருண்ணே."

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என் பிள்ளை என்று அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஜெயபாலன், "முன் சக்கரத்துக்கு முதல்ல கல்லு வைக்கச் சொல்லு, அதுக்கப்புறம் ஹேண்ட்பிரேக்கை இறக்கச் சொல்லு," என்றுவிட்டுக் கல்லைத் தேடிப் பின்பக்கம் போனான். அதே நேரம் அடுப்பில் பால் பொங்கியது. புஷ்பா, "ஹேண்ட்பிரேக்கை இறக்கணுமாம்ங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். சேதியின் முன்பாதி பாலோடு வழிந்து போய்விட்டது.

அந்த ஆள் கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினான். கீர் எதிலும் இல்லை. எங்கள் வாசல் சாக்கடைப் பக்கம் சரிவு. அவன் திரும்பி வந்து குந்தி, டிரம்முக்குக் கீழே கையைக் கொடுத்து ஆட்டிப் பார்க்கிறான். கார் நகர்கிறது. நான் பார்த்தேன். மெதுவாக, பூனை நகர்கிற மாதிரி. ஜாக்கி சாய்கிறது. அந்த ஆளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? கூப்பிட்டதே இல்லையே. வாய் வரவில்லை.

"மச்சான்! கைய எடு!"

கல்லைக் கீழே போட்டுவிட்டு ஜெயபாலன் போட்ட சத்தம். அவன் கையை இழுத்தான், கார் 'தொம்'மென்று இறங்கியது. டிரம் சிமெண்டைப் பிளந்துவிட்டது. விரலில் தோல் மட்டும்தான் போயிருந்தது.

அந்த ஆள் தன் கையைப் பார்க்கவில்லை. ஜெயபாலனையே பார்த்தான்.

"என்ன சொன்னீங்க?"

"கைய எடுக்கச் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

ஜெயபாலன் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து முன் சக்கரத்துக்கு வைத்தான்.

அதற்குப் பிறகு நடுவில் புஷ்பா தேவைப்படவில்லை. மச்சான் அதைப் பிடிங்க, மச்சான் இதை எடுங்க. ஒரு கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அது வளர்ந்து ஆளாகிற வரைக்கும் பேசாதவர்கள் ஒரு மணி நேரத்தில் கொஞ்சிக் குலாவுகிறார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. வேலை மட்டும் ஒழுங்காக நடந்தது, அதையும் எழுத வேண்டும். மறுபடியும் ஜாக்கியில் தூக்கியதும் டிரம் ஒரே தட்டில் கழன்று வந்தது. உடைந்த துண்டுகளைச் சுத்தியலால் தட்டி உள்பக்கம் விழ வைத்தார்கள். புதிய ஆணியைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வாஷரை அடுக்கி, பழைய நட்டைப் போட்டு முறுக்க, ஆணி தானாக இழுபட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"முடிஞ்சிருச்சு," என்றான் அந்த ஆள்.

"நாலாவதையும் மாத்தணும் மச்சான். அது மட்டும் சும்மா இருக்குமா, அதுவும் இழுபட்டிருக்கும்."

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"அன்னைக்கு மிதிச்ச மிதியில நாலுமே போச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. துணியை எடுத்துக் கையைத் துடைக்கிறான், துடைக்கிறான். புஷ்பா தேத்தண்ணியோடு வாசற்படியில் நிற்கிறாள்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்றான் அந்த ஆள்.

"நீங்கதான் ஓட்டுவீங்கன்னு நெனச்சேன்."

அந்த ஆள் கோபப்படவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டான்:

"நானா இருந்தா பரவால்லையா மச்சான்?"

ஜெயபாலன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஆள் ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு, "சரி, கடை மூடுறதுக்குள்ள இன்னொன்னு வாங்கிட்டு வாரேன்," என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டான். விரலில் ரத்தத்தோடு.

நான் எழுந்து போய் என் மகன் முன்னால் நின்றேன். "நீ என்னடா சொன்ன இப்ப?"

"நீங்கதானேம்மா அவருகிட்ட பேசக் கூடாதுன்னீங்க."

ஆமாடா, சொன்னேன். கல்யாணத்துல அந்தாளைப் பெத்த பெட்ரீசியா என்னைக் கொண்டுபோய் தட்டுக் கழுவுற இடத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சா. பொண்ணோட அம்மாவை. அதுக்குச் சொன்னேன். பேசாதேன்னுதானே சொன்னேன்? சாகட்டும்னு சொன்னேனா? நானும்தான் பேசல. பேசாத வாயோட எத்தனை வருஷமா சோறு போடுறேன் அந்த ஆளுக்கு, ஒரு நாளாவது கொறைச்சுப் போட்டிருப்பேனா? காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சியை ஷெரில் கையிலதான் குடுத்தனுப்புனேன், ஆனா நான்தானே காய்ச்சினேன்? பேசாம இருக்கிறது வேற. தெரிஞ்சும் ரோட்டுல அனுப்புறது வேற. அந்த ஆளு கட்டுன தாலி யாரு கழுத்துலடா கெடக்கு?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

4.8.2025, திங்கள்

நேற்று ரயிலுக்குக் கிளம்பும்போது ஜெயபாலன் கதவோரம் வந்து, "போய்ட்டு வாரேம்மா," என்றான். நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.8.2025, வியாழன்

நாலு ஆணியும் புதிது. புஷ்பா மறுபடியும் வேலைக்கு அதே காரில் போய் வருகிறாள். முதல் நாள் வண்டியை எடுக்கும்போது சீட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

தினமும் அவள் கிளம்புவதற்கு முன் அந்த ஆள் ஸ்பானரைக் கொண்டுவந்து நாலு நட்டையும் தொட்டுப் பார்க்கிறான். கையாலேயே. மிதிப்பதில்லை. தர்மேந்திரன் மதிலருகே வந்து, "நான் வேணா ஒரு மிதி..." என்றான். பக்கெட்டில் துணி அலசிய தண்ணீர் இருந்தது. அவன் பக்கமாகவே ஊற்றினேன்.

ஜெயபாலன் போன் அடிக்கிறான். அடிக்கட்டும்.

10.8.2025, ஞாயிறு

போய்விட்டு வந்தாயிற்று. முட்டி வீங்கிவிட்டது. படுப்பதற்கு முன் எழுதுகிறேன்.

இருட்டோடு கிளம்பினோம். மாப்பிள்ளைதான் ஓட்டினார். செம்பனைக் காட்டுக்குள் மண் ரோடு முழுக்கக் குழி, கார் ஒரு முனகல் முனகவில்லை. காளியம்மாவின் வேன் வருவதற்குள் என் அடுப்பில் தீ நின்று எரிந்தது. பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. அவள் வந்து இறங்கி, "நேரத்தோடயே வந்துட்டீங்களாக்கா," என்றாள். ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்தவள் மாதிரி முகம்.

அந்த வேனிலிருந்துதான் ஜெயபாலனும் இறங்கினான். சுங்கை சிப்புட் ஸ்டேஷனிலிருந்து அர்ச்சுனன் ஏற்றிக்கொண்டு வந்தானாம். பொருத்தமான கூட்டு.

பூசை முடிந்து எல்லாருக்கும் இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தேன். முதல் பானைக்காரி கையால்தான் வாங்க வேண்டும், அது எங்கள் வழக்கம். காளியம்மாவுக்குக் கொடுத்தேன். அர்ச்சுனனுக்குக் கொடுத்தேன். ஷெரிலுக்கு, புஷ்பாவுக்கு. ஜெயபாலன் வரிசையில் வந்து என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினான். அவனுக்குப் பின்னால் நின்ற கிழவிக்குக் கொடுத்தேன். அவன் நகரவில்லை. கையை நீட்டியபடியே, "அம்மா," என்றான்.

மாப்பிள்ளை எப்போதும் போல மரத்தடியில் காருக்குப் பக்கத்தில் நின்றார். கோயில் பக்கம் வர மாட்டார், திருவிழா முடியும்வரை அங்கேயே நிற்பார்.

"மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டேன். "இங்க வாங்க."

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், வேறு யாரும் நிற்கிறார்களா என்று. காளியம்மா வாயில் போட்ட பொங்கலை மெல்ல மறந்துவிட்டாள். ஷெரில் போனைக் கீழே இறக்கினாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"உங்க மச்சான் பசியோட நிக்கிறாரு போல. இந்த இலையை அவருகிட்ட குடுத்துச் சாப்பிடச் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். ஓரடி தள்ளி நிற்கிற ஜெயபாலனைப் பார்த்தார்.

"அத்தை, அவரு இங்கதான்..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு இலையை நீட்டி, "மச்சான், சாப்பிடச் சொல்றாங்க," என்றார்.

ஜெயபாலன் வாங்கிக்கொண்டான். செம்பனைக்குக் கீழே போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்களோ தெரியாது. புஷ்பாவும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்கள் மறந்துவிடுவார்கள். மறக்கட்டும்.

அர்ச்சுனன் மடையன், மடையன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? தர்மேந்திரனுக்கு நான் ஊற்றிய தண்ணீரோடு சரி. காளியம்மா இருக்கிறவரை இருக்கட்டும், அவள் இல்லாவிட்டால் திருவிழாவில் எனக்குப் பொழுது போகாது. பெட்ரீசியா உட்கார வைத்த அந்த நாற்காலியைக்கூட ஒரு நாள் மறக்கலாம், மறக்காமலும் போகலாம்.

ஒருத்தனை மட்டும் மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற ஜெயபாலனை.